மீன் சந்தை எதிரில் நிற்கச் சொன்னார்

என் கணவர் சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். கல்யாணமான புதிதில் வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில் இருப்பார், மிச்ச நாள் விருத்தாசலத்தில். பதவி உயர்ந்த பிறகு மனைவியையும் கூட்டிப் போகலாம் என்று கம்பெனி அனுமதி கொடுத்தது. எங்கள் வீட்டில் அது பெரிய செய்தி. என் அப்பா செராமிக் பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு கம்பெனியில் சூளை பார்க்கிறவர். முதலாளியிடமும் டீக்கடையிலும் சொல்லிச் சொல்லி, நான் கிளம்புவதற்குள் ஜங்ஷன் ரோடு வரைக்கும் எல்லோருக்கும் தெரிய வைத்துவிட்டார். மாமியாருக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"கப்பல்ல போயி இவ என்னா கிழிக்கப் போறா? அவனுக்கு அங்க சமையலுக்கு ஆளு இருக்குதே" என்றார்.

அவர் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. கப்பலில் எனக்கு வேலை எதுவும் இல்லை. என் கணவர் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் நானும் கேபினும்தான். துணி துவைப்பதற்கு மெஷின், சாப்பிடுவதற்கு மெஸ். ஜன்னலில் தண்ணீர், மறுநாளும் தண்ணீர். மனிதர் பேசும் சத்தத்துக்காக மெஸ்ஸில் சாப்பிட்டு முடித்த தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டே இருப்பேன். நார்வே நாட்டில் ஒரு துறைமுகத்தில் நிற்கப் போகிறோம், எல்லோரும் ஒரு பகல் இறங்கிப் போய்வரலாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஊரின் பெயரை இன்றைக்கும் எனக்குச் சரியாக உச்சரிக்க வராது.

காலையில் கப்பல் கட்டி நின்றபோது மழை. மலையை ஒட்டிக்கொண்டு ஓர் ஊர். மரத்தால் கட்டிய வீடுகள், வெள்ளையும் சிவப்பும் மஞ்சளுமாக, நனைந்து பளபளவென்று இருந்தன. நான் சீக்கிரமே கிளம்பி, சுடிதாருக்கு மேல் அவருடைய பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனேன். அவர் தன்னோடு வேலை செய்கிற இரண்டு பேருடன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருவன் தூத்துக்குடிக்காரன், அவருக்குக் கீழே ஜூனியர் இன்ஜினியர், என்னை அண்ணி என்று கூப்பிடுவான். இன்னொருவர் கேரளத்து எலக்ட்ரீஷியன், தமிழ் நன்றாகப் புரியும்.

"மழ பெய்யிது. எறங்கி என்னாத்த பாக்கப் போற?" என்றார் என் கணவர்.

"ஒரு ஊரப் பாக்கணுங்க. தண்ணியப் பாத்துப் பாத்து கண்ணு பூத்துப் போச்சு. உங்களுக்கு முடியலன்னா நான் தனியாகூட சுத்திட்டு வந்துடுவேன்."

"தனியாவா? எங்கியாச்சும் தொலஞ்சி போவ. அப்பறம் நான் தேடிக்கிட்டு அலையணும்."

"நானா தொலஞ்சி போறவ? வேப்பூர்ல எறங்க வேண்டியவரு பஸ்ஸுல தூங்கிட்டு தொழுதூர்ல போயி எறங்கி, எங்கப்பாவுக்குப் போன் போட்டு வண்டி எடுத்துக்கிட்டு வரச் சொன்னது யாரு?"

தூத்துக்குடிக்காரன் வாயில் இருந்த டீ சிந்துகிற மாதிரி சிரித்தான். எலக்ட்ரீஷியன், "தொழுதூர், தொழுதூர்" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். ரொம்ப நாள் கழித்து நான் பேசியதை நாலு பேர் ரசிக்கிறார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"சரி, கெளம்பு. ஊரச் சுத்திக் காட்டுறேன்" என்றார் அவர்.

நாலு பேருமாக இறங்கினோம். துறைமுகத்து கேட்டில் ஆளுக்கொரு அட்டையைக் காட்டி வெளியே வந்தோம். அந்த அட்டை இல்லாமல் திரும்ப உள்ளே நுழைய முடியாது. கொஞ்ச தூரம் போனதும் அவர் நின்றார். "உன் போனையும் அட்டையையும் குடு. நனைஞ்சிடும், என் பையில வெச்சிக்கிறேன்" என்றார். அவருடைய பை தண்ணீர் புகாத பை. கொடுத்தேன். பர்ஸ் என்று ஒன்றை நான் எடுத்து வரவே இல்லை. அவரோடு போகும்போது நான் எதற்குக் காசு எடுத்துப் போகப் போகிறேன்?

ஒரே குடையின் கீழே அவர் தோளை ஒட்டி நடந்தேன். கடலோரமாகவே ஒரு பாதை. பழைய மரக் கட்டிடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த மாதிரி வரிசையாக நின்றன. இடையில் இருந்த சந்துகளில் மரப்பலகை போட்டிருந்தது, நடந்தால் டொக் டொக் என்று சத்தம். காற்று திடீரென்று திரும்பி மழையைப் பக்கவாட்டில் அடித்தது. குப்பைத் தொட்டி ஒவ்வொன்றிலும் கம்பி முறிந்த குடைகள் செருகிக் கிடந்தன. நான் அதைக் காட்டிச் சிரித்தேன். அவரும் அன்றைக்கு நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். இது பழைய வியாபாரிகள் இருந்த இடம், அங்கே கம்பியில் மலையேறுகிற ரயில் என்று காட்டினார். எனக்கு வேண்டிய மாதிரி ஒரு கணவர் அந்த அரைமணி நேரம் கிடைத்திருந்தார்.

மீன் சந்தை வந்தது. அதன் எதிரே கல் பாவிய ஒரு திடல். நடுவில் யாரோ ஒருவருடைய சிலை.

"இங்கியே நில்லு. எங்கியும் நவுராத. பாத்ரூம் போயிட்டு வந்துடுறோம்" என்றார் அவர்.

மற்ற இரண்டு பேரும் அவரோடு போனார்கள். குடையையும் அவரே எடுத்துக்கொண்டு போனார். இதோ வந்துவிடுவார் என்பதால் நான் கேட்கவில்லை.

நின்றேன். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. சந்தைக்குள் கண்ணாடித் தொட்டிகளில் பெரிய பெரிய நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. விற்கிறவன் பையில் அடங்காத ஒரு நண்டின் காலைக் கையால் திருகி ஒடித்து உள்ளே அமுக்கினான். மழை கூடியது. கேன்வாஸ் ஷூவுக்குள் தண்ணீர் புகுந்தது. அவர்கள் போன பக்கம் பார்த்தேன், இந்தப் பக்கம் பார்த்தேன். சந்தையின் கூரைக்குள் ஒதுங்கலாம், ஆனால் நகராதே என்று சொல்லியிருக்கிறாரே, வந்து தேடினால் திட்டு விழுமே என்று சிலைக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஜாக்கெட் கனத்துப்போய் கழுத்து வழியாகத் தண்ணீர் முதுகில் இறங்க ஆரம்பித்தது. ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினேன். திரும்பப் போட மனமில்லாமல் கொஞ்ச நேரம் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏதாவது ஆகிவிட்டதோ என்ற பயம் அப்போதுதான் வந்தது. அவருக்கு நெஞ்சு வலித்திருக்குமோ, போலீஸ் ஏதாவது பிடித்ததோ என்றெல்லாம் நினைத்தேன். என்னை விட்டுவிட்டுப் போயிருப்பார் என்று மட்டும் நினைக்கவில்லை. போகிற வருகிறவர்களை நிறுத்தி என் இங்கிலீஷில், "மூணு இந்தியர்களப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். சிலர் இல்லை என்று தலையசைத்தார்கள். ஓர் அம்மா நான் பக்கத்தில் போவதற்கு முன்பே கையை ஆட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தார். பிச்சை கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார் என்று பிறகுதான் விளங்கியது.

இதற்குள் எனக்கு ஒன்றுக்குப் போக வேண்டும் போல் ஆகிவிட்டது. திடலின் ஓரத்தில் கழிப்பறை இருந்தது. கதவில் பேங்க் கார்டைத் தேய்த்தால்தான் திறக்கும். பக்கத்து டீக்கடைக்குள் போய்க் கேட்டேன். வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்தான் என்றாள் அங்கே நின்ற பெண். அவள் பார்வை என் காலடியில் இருந்தது. நான் நின்ற இடத்தில் தரை குளம்போல் ஆகியிருந்தது. அவள் மாப்பை எடுத்து வந்து, நான் நிற்கும்போதே என் காலைச் சுற்றித் துடைத்தாள். நான் வெளியே வந்தேன்.

அதற்கு மேல் சிலைக்குத் திரும்பிப் போகவில்லை. உடம்பின் அவசரம் இழுத்த வழியில் போனேன். பக்கவாட்டுத் தெரு ஒன்றில் நூலகம் இருந்தது. கண்ணாடி வழியாகப் புத்தக அலமாரிகள் தெரிந்தன. உள்ளே யாரும் எதுவும் கேட்கவில்லை. கழிப்பறைக்குக் காசு இல்லை. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, சுடிதாரின் நனைந்த நாடா முடிச்சு அவிழாமல் நகத்தால் பிய்த்து, கடைசியில் உட்கார்ந்தபோது அழுகை வந்தது. கை காய வைக்கிற மெஷினை அமுக்கி அந்தச் சத்தத்தில் நன்றாக அழுதேன். பிறகு அதே மெஷினுக்கு அடியில் குனிந்து தலைமுடியைக் காட்டினேன்.

வெளியே வந்தபோது தலை தெளிவாக இருந்தது. கப்பலுக்குப் போய்விட வேண்டும். கடலோரத்தை விட்டுச் சந்துகளில் நுழைந்து சுற்றி வந்ததில் வழி ஞாபகம் இல்லை. எங்கள் விருத்தாசலத்துக்குப் பழமலை என்று இன்னொரு பேர் இருக்கிறதே தவிர ஏறுவதற்கு ஒரு மலை கிடையாது. இங்கே தெருமுனையிலேயே மலை தொடங்கியது. மேலே போனால் எல்லாம் தெரியும் என்று தோன்றியது. வீடுகளுக்கு நடுவில் கல் படிகள். ஏறினேன். ஜன்னல்களில் சின்னச் சின்ன விளக்குகள், பூச்சாடிகள். ஒரு வீட்டில் பூனை உள்ளே இருந்து என்னையே பார்த்தது. வழுக்கி விழுந்து முழங்கை தேய்ந்தது. எழுந்து ஏறினேன்.

மேலே ஒரு திருப்பத்தில் ஊர் மொத்தமும் தெரிந்தது. மழைக்குள் கூரைகள், தேவாலயத்துக் கோபுரம், கடல். அதற்கும் அப்பால் எண்ணெய் தொட்டிகளுக்குப் பக்கத்தில் எங்கள் கப்பலின் சிவப்பு வயிறு. நான் எத்தனையோ நாள் சுமந்துகொண்டிருந்த ஆசை அதுதான், ஒரு ஊரைப் பார்க்க வேண்டும் என்பது. பார்த்தேன். அழகான ஊர். நடுங்கிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கோபுரத்துக்கு வலது பக்கம் கடலை விடாமல் போக வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டு இறங்கினேன்.

கேட்டில் காவல்காரர் அட்டை கேட்டார். கணவரிடம் இருக்கிறது என்றேன். கப்பலுக்குப் போன் செய்தார். டூட்டியில் இருந்த அதிகாரி, ஆமாம், அப்படி ஒரு பெண் எங்கள் பட்டியலில் உண்டு, ஆனால் அடையாளம் சொல்லி அழைத்துப் போக இப்போது ஆள் இல்லை, காத்திருக்கட்டும் என்றாராம். காவல்காரரின் அறைக்குள் வெளியாட்களை உட்கார வைக்கக் கூடாதாம். தகரக் கூரைக்கு அடியில் இருந்த பெஞ்சைக் காட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ரொட்டி சாப்பிட்டார். இந்தப் பக்கம் நான் பல் கிட்டித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு தரம் வெளியே வந்து, கேட்டை ஒட்டி இருக்கிறவர்கள் போட்டே ஆக வேண்டும் என்று மஞ்சள் நிறத்தில் மின்னுகிற மேல்சட்டை ஒன்றைக் கொடுத்தார். அன்றைக்கு என் உடம்பில் பட்ட காய்ந்த துணி அது ஒன்றுதான்.

சாயங்காலம் ஒரு டாக்ஸி வந்து நின்றது. மூன்று பேரும் இறங்கினார்கள். பீர் வாடை அடித்தது. என் கணவர் என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் முகம் வெளிறினார். பிறகு சிரித்தார்.

"பரவால்லியே, கண்டுபுடிச்சி வந்துட்டியே. நில்லு, நில்லு, அப்பிடியே இரு. ரோடு போடுற பொம்பள மாதிரியே இருக்க" என்று போனை எடுத்து ஒரு படம் பிடித்தார்.

"எங்க போனீங்க?" என்றேன்.

"எங்கியும் போவல. எதுத்தாப்புல மாடியிலதான் காபி குடிச்சிக்கிட்டு இருந்தோம். தனியா சுத்துவன்னு சொன்னியே, எப்பிடி சுத்துறன்னு பாத்தோம். நீ பாட்டுக்கு எங்கியோ போயிட்ட. யாருக்கு டென்ஷனு?"

தூத்துக்குடிக்காரன் பின்னால் வந்து மெதுவாக, "நான் வேண்டாம்னுதான் சொன்னேன் அண்ணி" என்றான்.

கேபினில் வெந்நீரில் நின்றுவிட்டு வந்த பிறகுதான் என் போனைத் திருப்பிக் கொடுத்தார். வைஃபை பட்டதும் அது அதிர ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. எங்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்து இருக்கிற வாட்ஸ்அப் குரூப். மதியமே அவர் ஒரு வீடியோவை அதில் போட்டிருந்தார். கீழே, "தொலைந்து போகாத மகாராணி" என்று எழுதியிருந்தார். என் தம்பி கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தான். கம்மாபுரத்து நாத்தனார், "அண்ணிக்கு ஒரு குடை பார்சல்" என்று எழுதியிருந்தாள். மாமியார் பேசி அனுப்பியிருந்தார்: "வாயி மட்டுந்தான் இங்க நீளும். அங்க போயி நிக்கிறா பாரு கோழி மாதிரி."

வீடியோவைத் திறந்தேன். மேலே இருந்து, கண்ணாடி வழியாக எடுத்தது. திடலின் நடுவில் கறுப்பாக ஓர் உருவம். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு இடது பக்கம் திரும்புகிறது, வலது பக்கம் திரும்புகிறது. ஓர் அம்மாவை நோக்கி ஓடுகிறது, அவர் கையை ஆட்டிவிட்டுப் போகிறார். தூத்துக்குடிக்காரனுடைய சிரிப்புதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்டது. அதற்கு நடுவில் என் கணவரின் குரல், போனுக்கு ரொம்பப் பக்கத்தில், தணிவாக: "இரு, இரு. இப்ப அழுவா பாரு. இப்ப அழுவா." கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும், "அழ மாட்டேங்கிறாளேடா" என்கிறது அந்தக் குரல்.

நான் அதை ஒரே ஒரு தரம்தான் முழுதாகப் பார்த்தேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

படுக்கும்போது அவர் கேட்டார், "ஆமா, எப்பிடி வழி கண்டுபுடிச்ச?" நான் சொல்லவில்லை. அந்த மலையைப் பற்றி அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "வெளையாட்டுக்குத்தான செஞ்சாரு. அடிச்சாரா, வஞ்சாரா? நீயும் சேந்து சிரிச்சிட்டுப் போ" என்றாள். அடுத்து வந்த துறைமுகம் வரைக்கும் நான் மெஸ்ஸுக்குப் போகவில்லை. சாப்பாடு கேபினுக்கு வந்தது. அங்கிருந்து என்னை விமானம் ஏற்றி அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். அவருக்கும் அதுதான் நிம்மதி என்று நினைக்கிறேன்.

விருத்தாசலம் வந்து சேர்ந்தால், அந்த வீடியோ எனக்கு முன்பே ஊருக்குள் வந்து குடியேறியிருந்தது. அப்பாதான் அதை நிறையப் பேருக்குக் காட்டியிருந்தார். அவருடைய போனில் ஸ்பீக்கர் ரொம்ப நாளாகவே வேலை செய்யாது. அதில் பேச்சு இருப்பதே அவருக்குத் தெரியாது. ஈரமாகப் பளபளக்கிற கல் தரை, சிலை, கலர் கலரான வீடுகள், நடுவில் தன் மகள். "நார்வேங்க. எம்பொண்ணு நிக்கிற எடத்தப் பாருங்க" என்று டீக்கடையில் காட்டினாராம். சத்தத்தோடு ஏற்கனவே பார்த்திருந்தவர்கள் அவருக்காகத் திரும்பப் பார்த்தார்களாம்.

அன்றைக்கு மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது என் போனில் முழுச் சத்தத்தோடு அதைப் போட்டு அவர் முன்னால் வைத்தேன். வேண்டுமென்றுதான் செய்தேன். யாராவது ஒருவராவது அதைக் கேட்க வேண்டும் என்றிருந்தது. சோற்றில் கை வைத்தபடி கடைசி வரைக்கும் கேட்டார். முகம் சுருங்கிவிட்டது. எனக்காகப் பேசப் போகிறார் என்று நினைத்தேன்.

"நாலு பேரு முன்னால நீ ஏன் அந்தத் தொழுதூரு பேச்சப் பேசுன?" என்றார்.

அப்புறம் கை கழுவிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

என் கணவர் லீவில் வந்தபோது நான் மாமியார் வீட்டுக்குப் போகவில்லை. வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். அந்தம்மா வீடியோவைப் பார்க்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கியது தெரிந்தது. "தப்பா நெனச்சிக்காதம்மா. இத வெச்சி ஒண்ணும் ஆவாது. கோர்ட்டுல சிரிப்பாங்க. குடிக்கிறாரு, அடிக்கிறாருன்னு ஏதாச்சும் இருந்தா சொல்லு" என்றார். இல்லாததைச் சொல்ல மாட்டேன் என்றேன். சமரசம் பேசுகிற இடத்தில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், "இதுக்காம்மா?" என்று மூன்று விதமாகக் கேட்டார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, "வெளையாட்டுங்க சார். இவளுக்கு வெளையாட்டே தெரியாது" என்றார். நான் போனை எடுத்து, "இப்ப அழுவா பாரு" என்கிற இடத்தை மட்டும் போட்டேன். அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. வேறொரு தேதி கொடுத்து அனுப்பினார்கள்.

கடைசியில் கணவரே விவாகரத்துக்குச் சம்மதித்தார். வேறு பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். கோர்ட்டு வாசலில் மாமியார் என் காதில் விழுகிற மாதிரி, "மழையில நனைஞ்சதுக்கு ஒருத்தி புருசன வேணாங்கிறா, கேட்டிருக்கீங்களா இந்த அக்கிரமத்த?" என்று யாரிடமோ சொன்னார். கேட்டவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பஸ்ஸைப் பார்த்தேன்.

இப்போது செராமிக் பேட்டையில் ஒரு கம்பெனியில் ஆர்டர் பார்த்து அனுப்புகிற வேலையில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் முன்னால் பாதி நாள், பேக்கிங் நடக்கும் இடத்தில் பாதி நாள். மங்கலம்பேட்டையில் மாடியில் ஒரு சின்ன வீடு வாடகைக்கு. கீழே குடியிருக்கிற அம்மா, வெளிநாட்டில் இருக்கும் தன் வீட்டுக்காரரோடு தினமும் வீடியோவில் பேசுவார். நான் படியேறும்போது போனைத் திருப்பி என்னைக் காட்டி, "நம்ம மாடி வூட்டுப் பொண்ணு" என்பார். எனக்கு உடம்பு விறைத்துப்போகும். சிரித்துவிட்டு ஏறிப் போய்விடுவேன்.

அம்மா மாதம் ஒரு தரம் வந்து போகிறாள். அப்பா வருவதில்லை. அவர் வேலைக்குப் போகிற வழி என் கம்பெனி வாசலைத் தாண்டித்தான். காலையில் நான் ஷட்டருக்குப் பக்கத்தில் நின்று லாரிக்கு அட்டைப் பெட்டிகளை எண்ணிவிடும்போது அவருடைய மொபெட் சத்தம் கேட்கும். எனக்கு அந்தச் சத்தம் எங்கே இருந்தாலும் தெரியும். எங்கள் வாசலுக்கு வரும்போது மட்டும் வண்டி கொஞ்சம் வேகமெடுக்கும்.